மருந்துக்கு முந்திய சோகை: சிடோவுடின் வரலாற்றின் ஒரு மறுவாசிப்பு

எச்.ஐ.வி. நோயாளரின் இரத்தச்சோகையைப் பற்றி எழுதுவோர் பலரும் ரிச்மன் குழுவினரின் 1987ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்தே தொடங்குகின்றனர். எச்.ஐ.வி. மருந்தான சிடோவுடினைப் பெற்றவர்களில் 24 வீதமானோருக்கும், மருந்தில்லா மாத்திரை பெற்றவர்களில் 4 வீதமானோருக்கும் ஹீமோகுளோபின் 7.5 கிராமுக்குக் கீழே இறங்கியது என்கிறது அது. எண்களோடு எனக்கு வழக்கில்லை. அவற்றை வைத்து, தென்னாசிய நோயாளரின் சோகையையும் மருந்தே கொண்டுவந்தது என்று படிப்பதைத்தான் மறுக்கிறேன். அந்தச் சோதனையில் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை 250 மி.கி. கொடுத்தார்கள், நாளுக்கு 1,500 மி.கி. நம் பக்கத்து மையங்களுக்கு வந்தபோது அது காலை 300, மாலை 300 என்று சுருங்கியிருந்தது. இரண்டரை மடங்கு அளவின் விளைவை இங்கு அப்படியே கொண்டுவந்து ஒட்டுவது எப்படிப் பொருந்தும்?

மறுப்புக்கு வேண்டிய சான்று அதே கட்டுரையில் இருக்கிறது. மருந்து தொடங்கும் முன்பே ஹீமோகுளோபின், நியூட்ரோபில், சி.டி.4, விற்றமின் பி12 ஆகியவை குறைந்திருந்தவர்களிடமே பாதிப்பு மிகுதி என்று அது பதிவுசெய்கிறது. 24 என்ற எண் பரவிய அளவுக்கு இந்தச் செய்தி பரவவில்லை. பரசிட்டமோல் சேர்த்து எடுத்தவர்களுக்கும் பாதிப்பு கூடியது என்ற குறிப்பும் அங்கே உண்டு. இலங்கையின் அமிர்தகழியில் தலையிடி என்றால் பெட்டிக்கடையில் பனடோல் வாங்கிப் போடுகிற வழக்கத்தை நினைத்து இதில் நான் சற்று அதிகமாகவே உற்சாகப்பட்டேன். பின்வந்த மருந்தியல் சோதனைகள் அந்தத் தொடர்பை உறுதிசெய்யவில்லை. ஆகவே அதை என் வாதத்தில் சேர்க்கவில்லை.

சென்னையில் நுண்ணுயிரியலாளர் சுனிதி சாலமன், அவருடைய மாணவி நிர்மலா ஆகியோரின் முயற்சியால் 1986இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை உட்பட எட்டு மையங்களில் இந்திய அரசு இலவச மருந்தைத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1இல். இலங்கையிலும் இலவச மருந்து அதே ஆண்டில்தான் வந்தது. இடைப்பட்ட 18 ஆண்டுகள் பெரும்பாலோருக்கு மருந்தில்லாக் காலம். தாம்பரத்தில் இரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் ஆகிய சித்த மருந்துகளைக் கொடுத்தார்கள். காசநோயும் ஓயாத அழற்சியும் எலும்பு மச்சையை முடக்கச் சிடோவுடின் தேவையில்லை.

இதைவிட வலுவான சான்று சிகிச்சை வழிகாட்டிகளிலேயே கிடைக்கிறது. ஹீமோகுளோபின் குறைந்தவருக்குச் சிடோவுடின் வேண்டாம், ஸ்டாவுடின் கொடு என்பது அன்றைய விதி. எல்லைக்கோடு ஓரிடத்தில் 8 கிராம், பிந்தியதில் 9. இந்தப் பாடபேதம் எப்போது நடைமுறைக்கு வந்தது என்பதற்கு ஒற்றை ஆண்டைச் சொல்ல முடியாது. மையத்துக்கு மையம் வேறுபட்டது. ஆனால் முதல் மாத்திரைக்கு முன்பே சோகை பரவலாக இல்லாவிட்டால் இப்படியொரு கோடு எதற்கு? அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றவர்கள்தான் பிறகு கன்னம் ஒட்டி, கால் எரிந்து ஸ்டாவுடினுக்கு விலை கொடுத்தார்கள். கோட்டுக்கு மேலே இருந்து சிடோவுடின் தொடங்கிப் பின் வெளுத்தவர்களைப் பொறுத்தவரை ரிச்மன் சொன்னதே சரி, அதை ஒப்புக்கொள்கிறேன்.

மருந்துக்கு முந்திய சோகையையும் மருந்தால் வந்ததையும் பிரித்தறிய இரத்தப் பரிசோதனைத் துண்டில் ஒரு வரி உண்டு: எம்.சி.வி., அதாவது செங்குருதிக் கலத்தின் சராசரிப் பருமன். வழமை 80 முதல் 100. சிடோவுடின் அதை 100க்கு மேல் ஏற்றும். இரும்புக் குறைபாடு 80க்குக் கீழே இறக்கும். ஸ்டாவுடினும் ஓரளவு ஏற்றும் என்பதால் இச்சான்று தனியே நிற்காது. ஆனாலும் மருந்துதான் முழுக் காரணம் என்றால், டெனோபோவிர் சிடோவுடினின் இடத்தைப் பிடித்தபின் சோகை பெரிதும் நீங்கியிருக்க வேண்டும். ஆனால் அதன் பின்னும், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 53.4 வீதமானோருக்குச் சோகை என்கிறது 2019–21 தேசிய குடும்பநல ஆய்வு. இது தொற்று உள்ளவர், இல்லாதவர் அனைவரையும் சேர்த்த கணக்கு. அவர்களுள் ஒருத்தி மாத்திரை தொடங்கும்போது அந்தச் சோகையையும் கூடவே கொண்டுதான் வருகிறாள்.

இரும்புக் குறைபாடும் சிடோவுடினும் ஒருவரிடமே சேர்ந்தால் ஒன்று இறக்க, மற்றது ஏற்ற, எம்.சி.வி. 90 என்று வந்து நிற்கும். துண்டில் அந்த வரி வழமையாகத்தான் தெரியும்.