அறிக்கைகளில் தரவரிசைப் பிழைகள்

வணிக நுண்ணறிவு அறிக்கையில் தரவரிசை என்பது விற்பனை, லாபம் போன்ற ஓர் அளவை வைத்துக் கடைகளையோ பொருள்களையோ மாதங்களையோ 1, 2, 3 என்று அடுக்கும் கணக்கு. மைக்ரோசாஃப்டின் பவர் பிஐயில் டாக்ஸ் மொழியின் ரேங்க்எக்ஸ் செயற்கூறு இதைச் செய்கிறது. தன்னைவிடப் பெரிய மதிப்புகள் எத்தனை என்று எண்ணி ஒன்றைக் கூட்டுவதுதான் அதன் வேலை. இவ்வளவு எளிய கணக்காக இருந்தும் ரேங்க் தப்பாக வருகிறது என்ற புகார் ஓய்வதில்லை. பெரும்பாலும் பிழை எண்ணுவதில் இருப்பதில்லை. எதை எவற்றோடு ஒப்பிட வேண்டும் என்று சூத்திரத்துக்குச் சொல்வதில் இருக்கிறது.

அதிகம் காணப்படும் கோளாறு, எல்லா வரியிலும் 1 வருவது. அறிக்கையின் ஒவ்வொரு வரியும் தனக்குரிய ஃபில்டரோடுதான் கணக்கிடப்படுகிறது. பொருள் வரியில் நின்றுகொண்டு பொருள் அட்டவணையை அப்படியே கொடுத்தால் அதில் அந்த ஒரு பொருள்தான் மிஞ்சும். போட்டியாளர் இல்லாத இடத்தில் எல்லாரும் முதலிடம். ஆல் என்ற செயற்கூறு இந்த ஃபில்டரை விலக்கும். அதன் பிறகும் 1 போகவில்லை என்றால், பெயரிட்டுச் சேமித்த சூத்திரமான மெஷரைக் கொடுக்காமல் வெறும் சம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெஷரைக் கால்குலேட் செயற்கூறு தானாகவே சூழ்ந்திருக்கும்; அது சூழாத சம், பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே தொகையைத் திருப்பித் தரும். இவற்றைவிட நுட்பமான கண்ணி ஒன்று மாதப் பெயரில் உண்டு. ஜனவரி, பிப்ரவரி என்ற பெயர்கள் அகர வரிசையில் கலைந்துவிடாதிருக்க அவற்றை மாத எண்ணைக் கொண்டு அடுக்குவது வழக்கம். அப்போது அறிக்கை பெயரோடு எண்ணையும் சேர்த்தே ஃபில்டர் செய்கிறது. பெயருக்கு மட்டும் ஆல் போட்டால் எண்ணின் ஃபில்டர் அப்படியே நிற்கும். மற்ற மாதங்களின் விற்பனை வெற்றாகிவிடும், ஒவ்வொரு மாதமும் தனக்குத் தானே முதல்வன். சூத்திரத்தில் எண் நெடுவரிசை கண்ணில் படுவதே இல்லை என்பதால், எத்தனை முறை படித்தாலும் பிழை பிடிபடாது. ஆலில் இரண்டு நெடுவரிசைகளையும் சேர்ப்பதே தீர்வு.

சமநிலை, வெற்று மதிப்பு, தசமம் ஆகியவை எவற்றோடு ஒப்பிடுவது என்ற கேள்வியைச் சேராத கோளாறுகள் அல்லவா என்று கேட்கலாம். 90, 80, 80, 70 என்ற மதிப்புகளுக்கு இயல்பான முறை 1, 2, 2, 4 என்று தரும். டென்ஸ் முறை 1, 2, 2, 3 என்று தரும். இரண்டில் எது வேண்டும் என்பது அறிக்கை கேட்டவர் எடுக்க வேண்டிய முடிவு, பிழை அல்ல. வெற்று மதிப்பை ரேங்க்எக்ஸ் பூஜ்யமாகக் கொள்கிறது. அதனால் விற்பனையே இல்லாத கடை, நஷ்டத்தில் ஓடும் கடைக்கு மேலே ஏறி நிற்கும். அந்தக் கடை போட்டியில் இருக்கத்தான் வேண்டுமா என்பதே அங்கும் கேள்வி. தசமம் மட்டும் உண்மையான விதிவிலக்கு. சமமாக வேண்டிய இரு கூட்டுத்தொகைகள், கூட்டிய வரிசை மாறியதால் கடைசி இலக்கத்தில் விலகிப்போகும். ரவுண்ட் போட்டால் சரியாகும்.

2023இல் டாக்ஸுக்கு ரேங்க் என்ற புதிய செயற்கூறு வந்தது. தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லின் தரத்தில் இத்தகைய வசதி 2003 பதிப்பிலேயே உண்டு. ஆனால் அவற்றிலும் எந்தப் பிரிவுக்குள் அடுக்குவது என்பதை எழுதுபவரே சொல்ல வேண்டும். டாப்லோ என்ற மற்றோர் அறிக்கைக் கருவியிலும் கணக்கு எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். ஒரு மண்டலத்தை மட்டும் தேர்ந்தெடுத்தபின் ஒரு கடையின் இடம் அம்மண்டலத்துக்குள்ளா, நாடு முழுவதிலுமா? ஆல்செலக்டட் செயற்கூறு முதல் விடையைத் தரும், ஆல் இரண்டாவதைத் தரும், இரண்டும் சரியே. மொத்த வரியில் வரும் 1 பொருளற்றது. இஸ்இன்ஸ்கோப் செயற்கூற்றைக் கொண்டு அதை மறைத்துவிடலாம்.

ஆகவே சூத்திரத்தை மாற்றி மாற்றி எழுதிப் பார்ப்பதைவிட ஒரு சோதனை மெஷர் எழுதுவது மேல். ரேங்க்எக்ஸுக்குக் கொடுத்த அதே அட்டவணையை, மதிப்புகளை ஒரே உரையாகக் கோக்கும் கான்கேட்டனேட்எக்ஸுக்குக் கொடுத்து, பெயரையும் மதிப்பையும் ஒவ்வொரு வரியிலும் அச்சிட வைக்கலாம். ஒரே பெயர் மட்டும் வந்தால் ஆல் விடுபட்டிருக்கிறது. எல்லாப் பெயருக்கும் ஒரே தொகை வந்தால் கால்குலேட் இல்லை. ஒன்றைத் தவிர மற்றவை வெற்றாக வந்தால் வேறொரு நெடுவரிசையின் ஃபில்டர் பின்னால் நிற்கிறது.