துணி விலைக் கட்டுப்பாட்டு வழக்குகள் (இந்தியா)

துணிக்கும் நூலுக்கும் அரசு விதித்த உச்ச விலை, அதைச் சார்ந்த உரிமம், பெர்மிட், பங்கீடு ஆகியவற்றை எதிர்த்து ஆலைகளும் வணிகர்களும் நடத்திய வழக்குகள். விலை வைக்கும் அதிகாரம் யாருக்கு, வைத்த விலை நியாயமா என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே இவை நடந்தன. ஏழைக்கு மாற்றுத்துணி கிடைப்பதும் வணிகரின் தொழில் உரிமையும் இவற்றில் நேருக்கு நேர் நின்றன.

தோற்றம்

இரண்டாம் உலகப் போரில் ஆலைத்துணியின் கணிசமான பங்கு ராணுவத்துக்குப் போனது. பதுக்கல் பெருகி விலை ஏறியது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் 1943-இல் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஆலை விலையும் சில்லறை விலையும் துணியின் மீதே முத்திரையிடப்பட்டன. கடைக்காரர் கூடுதலாகக் கேட்டால், வாங்குபவர் தானே சரிபார்க்க முடிந்தது.

போர் முடிந்தபின் அத்தியாவசியப் பொருள் வழங்கல் (தற்காலிக அதிகாரங்கள்) சட்டம், 1946 அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. காந்தியடிகள் கட்டுப்பாடுகளை நீக்க வலியுறுத்திவந்தார். 1948 ஜனவரியில் துணிக் கட்டுப்பாடு நீங்கியது. விலை தாவி ஏறவே, அதே ஆண்டில் திரும்பவும் விதிக்கப்பட்டது.

ஹைதராபாத்

நிஜாம் ஆட்சியில் தனி சமஸ்தானமாக இருந்ததால் பிரிட்டிஷ் இந்தியச் சட்டங்கள் ஹைதராபாத்தில் நேரடியாகச் செல்லவில்லை. 1948 செப்டம்பரில் அது இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. 1946-ஆம் ஆண்டுச் சட்டம் 1950-இல் திருத்தப்பட்டு, ஹைதராபாத் போன்ற முன்னாள் சமஸ்தானங்களான 'பி' பிரிவு மாநிலங்களுக்கும் விரிந்தது. 1934-இல் தொடங்கிய வாரங்கல் ஆசம் ஜாஹி ஆலையும் பம்பாய் ஆலைகளும் இவ்வாறு ஒரே சட்டத்தின்கீழ் வந்தன.

அதிகாரம் பற்றிய வழக்குகள்

டார்ஜிலிங் மாவட்டம் புல்பசாரில், துணியைக் கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்ற கடை ஊழியர் தண்டிக்கப்பட்டார். தற்காலிகச் சட்டத்தின் ஆயுளை நீட்டித்தது செல்லாது என்பது அவர் வாதம். 1951-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

ஹரிசங்கர் பக்லா வழக்கு இன்னும் முக்கியமானது. 1948 நவம்பர் 29 அன்று, ஆறு மணங்குக்கு மேற்பட்ட புதுத்துணியுடன் பம்பாயிலிருந்து கான்பூர் சென்ற பக்லா தம்பதியை இட்டார்சியில் ரயில்வே போலீசார் பிடித்தனர். அவர்களிடம் பெர்மிட் இல்லை. சட்டமியற்றும் அவை தன் அதிகாரத்தை அதிகாரிகளிடம் ஒப்படைத்தது செல்லுமா என்ற கேள்வி எழுந்தது. சட்டத்தின் 6-ஆம் பிரிவை நாக்பூர் உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. 1954 மே மாதம் தலைமை நீதிபதி மெஹர் சந்த் மகாஜன் அமர்வு அந்த முடிவை மாற்றி, 3, 4, 6 ஆகிய பிரிவுகளை நிலைநிறுத்தியது. கொள்கையைச் சட்டம் வகுத்துவிட்டால், விவரங்களை ஆணை நிரப்பலாம் என்ற நெறி இதில் உறுதிப்பட்டது.

அரசியலமைப்பின் 369-ஆம் கூறு, துணி வணிகத்தின் மீது நாடாளுமன்றத்துக்கு ஐந்து ஆண்டு அதிகாரமே கொடுத்திருந்தது. 1954-இன் மூன்றாம் திருத்தம் பொதுப்பட்டியலின் 33-ஆம் பதிவை விரிவாக்கி நிரந்தர வழி செய்தது. அடுத்த ஆண்டு அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் வந்தது.

நியாய விலை பற்றிய வழக்கு

வேட்டி, சேலை, லாங் கிளாத், ஷர்ட்டிங், டிரில் ஆகியவற்றை ஆலைகள் குறைந்த விலையில் நெய்து தரவேண்டும் என்ற திட்டம் 1964-இல் தொடங்கியது. 'கன்ட்ரோல் துணி' என மக்கள் வாயில் வழங்கியது இதுவே.

நூலுக்கும் 1973-இல் விலைக் கட்டுப்பாடு வந்தபோது, மதுரை மீனாட்சி மில்ஸ் உள்ளிட்ட ஆலைகள் உச்ச நீதிமன்றம் சென்றன. நஷ்டம் வருகிறது, தொழில் உரிமை பறிபோகிறது என வாதாடின. மறுபுறம், நூல் கிடைக்காவிட்டால் கைத்தறி நெசவாளரின் தறி நின்றுவிடும். சிலருக்கு நஷ்டம் என்பதாலேயே கட்டுப்பாடு நியாயமற்றதாகிவிடாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னாளில் கடுகு எண்ணெய் விலை வழக்கிலும் (1978) இத்தீர்ப்பு எடுத்தாளப்பட்டது.

முடிவும் மதிப்பீடும்

1978-இல் தனியார் ஆலைகள் கன்ட்ரோல் துணிப் பொறுப்பிலிருந்து விடுபட்டன. தேசிய ஜவுளிக் கழகம் அதை ஏற்றது. 1985 ஜவுளிக் கொள்கை அதைக் கைத்தறிக்கு மாற்ற முடிவெடுத்தது. 2006-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பருத்தித் துணி அத்தியாவசியப் பட்டியலிலிருந்து நீங்கியது. பருத்திச் சிட்டா நூல் மட்டும் நீடித்தது.

வழக்காடியவர்கள் பெரும்பாலும் தோற்றாலும், விலை வைக்கும் அரசு சட்டத்தையும் காரணத்தையும் காட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் இவ்வழக்குகளால் வலுப்பெற்றது. பஞ்ச காலத்தில் உடுதுணியைப் பண்டமாக மட்டும் பார்க்க மறுத்ததே இத்தீர்ப்புகளின் பெருமை.