கோனாட்டுக் கொடும்பாளூர்

திருச்சிராப்பள்ளியினின்றும் மதுரைக்குச் செல்லும் பெருவழியில், விராலிமலைக்கு அணித்தாக, புதுக்கோட்டை மாவட்டத்தின்கண் உள்ள சிற்றூர் கொடும்பாளூர். இக்காலத்து அதனைக் காண்பார்க்கு வயலும் குளமும் பழைய கற்றளிகள் சிலவுமே புலனாம். பண்டோ அது கோனாட்டின் தலைநகராய், இருக்குவேளிர் என்னும் குறுநில மன்னரின் உறைவிடமாய் விளங்கிற்று. சோழநாட்டிற்கும் பாண்டிநாட்டிற்கும் இடைப்பட்ட எல்லைநிலமாதலே அவ்வூரின் ஆக்கத்திற்கும் அல்லலுக்கும் ஒருங்கே காரணமாயிற்று.

சிலப்பதிகாரம் காடுகாண் காதையில், மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு மதுரைக்குரிய நெறிகளைக் கூறுமிடத்து, கொடும்பைக் குளக்கரையில் வழி மூன்றாகப் பிரியும் என்றும், அஃது இறைவன் ஏந்திய சூலத்தை ஒக்கும் என்றும் உரைக்கின்றான். வழிகள் கூடுமிடத்தே படைகளும் கூடுதல் இயல்பு. எட்டாம் நூற்றாண்டிற் பாண்டியர் பல்லவரொடு பொருத களங்களுள் ஒன்றாகக் கொடும்பாளூரை வேள்விக்குடிச் செப்பேடு குறிக்கின்றது. பத்தாம் நூற்றாண்டில் இராசசிம்ம பாண்டியன் செய்த போரொன்றினை அவ்வூரோடு இயைத்துச் சின்னமனூர்ப் பெரிய செப்பேடு கூறுகின்றது.

இருக்குவேளிர் சோழர்க்கு உறவினராயும் படைத்துணைவராயும் நின்றனர். முதற்பராந்தகன் மகன் அரிகுலகேசரி, கொடும்பாளூர் வேளிர்குலத்துப் பூதி ஆதித்த பிடாரியை மணந்தான். திருச்செந்துறைக் கற்றளியை எடுப்பித்தவர் அவ்வம்மையாரே. சுந்தரசோழனது ஒன்பதாம் ஆட்சியாண்டில் அக்குலத்துப் பராந்தகன் சிறியவேளார் ஈழப்போரில் உயிர்துறந்தார்.

எனினும் சைவ உலகம் அவ்வூரைப் போற்றுவது போர் பற்றியன்று. திருத்தொண்டத்தொகையிற் பாடப்பெற்ற இடங்கழி நாயனார் அங்கிருந்து அரசுபுரிந்தவர். அடியார்க்கு அமுதளிக்கும் தொண்டர் ஒருவர், பொருள் முட்டுற்றமையால், நள்ளிரவில் அரசரது நெற்கொட்டகாரத்துட் புகுந்து காவலராற் பிடிபட்டார். மாகேசுவர பூசை முட்டியதனாற் கவர்ந்தேன் என்று அவர் கூறக் கேட்ட நாயனார், அவரே தமக்குப் பண்டாரம் எனத் தெளிந்து, நெல்லேயன்றிப் பிற நிதியையும் அடியார் முகந்துகொள்க எனப் பறையறைவித்தார். எல்லைநாட்டு அரசர்க்கு நெற்கொட்டகாரம் படையின் உயிர்நிலை. அதனைத் திறந்துவிடுதல் எத்துணை அரிய செயல் என்பது இதனால் உணரப்படும்.

இவ்வூர் மூவர்கோயிலின் வடமொழிக் கல்வெட்டும் இச்செயலோடு ஒத்த மற்றொன்றைத் தெரிவிக்கின்றது. பூதி விக்கிரமகேசரி என்னும் வேள் தன்பெயராலும், கற்றளி, வரகுணை என்னும் தேவியர் இருவர் பெயராலும் மூன்று விமானங்கள் எடுப்பித்து, மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுக ஆசிரியர்க்குப் பெருமடம் ஒன்றனை அளித்தான். காளாமுகத் துறவியர் ஐம்பதின்மர்க்கு உணவளித்தற்பொருட்டுப் பதினோரூர்களையும் அம்மடத்திற்கு வழங்கினான்.

இவன் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1933இல் இக்கல்வெட்டை ஆராய்ந்த நீலகண்ட சாத்திரியார் முதலியோர், அதில் வீரபாண்டியன் பெயர் வருதல் கொண்டு பத்தாம் நூற்றாண்டு என்பர். பிறர் ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி என்பர். எங்ஙனமாயினும், சுந்தரமூர்த்தி சுவாமிகளாற் பாடப்பெற்ற நாயனார் இவனுக்கு முற்பட்டவராதல் வேண்டும். கல்வெட்டின் குலவரிசையில் அவர் பெயர் காணப்படாமையின், இருவர்க்கும் உள்ள உறவுமுறையை வரையறுத்தல் இயலாது. ஆதித்த சோழனுக்கு நாயனாரைக் குலமுதல்வராகச் சேக்கிழார் சுவாமிகள் கூறுதலும், விக்கிரமகேசரியின் அன்னையாகிய அனுபமை சோழர்குல மங்கையாதலும் அவ்விரு குலங்களின் தொடர்பினை வலியுறுத்தும்.

காளாமுகம் சித்தாந்த சைவத்தின் வேறாக எண்ணப்படுவது. அதுபற்றி இக்கொடையைப் புறக்கணித்தல் முறையன்று. திருவேடமுடையார் பசித்திருத்தலாகாது என்பதே நாயனார் செயலின் உட்கிடை. களவுசெய்தார் என்று அவர் அடியாரை ஒறுத்திலர். வேற்று நெறியினர் என்று இவன் துறவியரை விலக்கிலன். நூற்கொள்கையில் வேறுபாடு உண்டாயினும், அன்னம் இடுங்கால் அது குறுக்கிடவில்லை.

இருக்குவேளிர் ஆட்சி மறைந்தது. பிற்காலத்துத் தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டைத் தனியரசும் 1948இல் சென்னை மாகாணத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. மூவர்கோயிலின் மூன்று விமானங்களுள் இரண்டே நிற்கின்றன. மற்றொன்றற்கு அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது. பெருமடமும் இன்று இல்லை. ஆயினும், அடியார்க்கு நெல் ஈந்த செய்தியைப் புராணமும், துறவியர்க்கு ஊர் ஈந்த செய்தியைக் கல்லும் காத்து நிற்றலின், கோனாட்டு வேளிர்க்கு நிலைத்த புகழ் கொடையினால் எய்தியதே என்க.