மோட்டார் இஞ்சினின் வலிமை வளர்ந்த கதை

மாணவர்களே,

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை நீங்கள் எல்லோரும் கையாண்டிருப்பீர்கள். அதன் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியைப் பல முறை விரைவாக அழுத்திப் பாருங்கள். குழாயின் அடிப்பகுதி சூடேறும். காற்றை அமுக்கினால் அது வெப்பமடையும் என்பது இதனால் விளங்கும். இன்று நான் கூறப்போகும் வரலாறு முழுவதும் இச்சிறு உண்மையைச் சுற்றியே நடக்கிறது. மோட்டார் வண்டியின் இஞ்சினைப் பெரிதாக்காமலே அதன் வலிமையைப் பெருக்க மனிதர் எவ்வாறு முயன்றனர், அம்முயற்சியில் இரண்டு அறிஞர்கள் சென்ற இரண்டு வழிகள் யாவை, அவற்றுள் ஒரு வழி உலகத்துக்கு என்ன தீங்கை விளைத்தது என்பதே அவ்வரலாறு.

முதலில் இஞ்சின் இயங்கும் முறையைச் சுருக்கமாகக் காண்போம். ஜெர்மனி நாட்டு நிக்கோலஸ் ஓட்டோ 1876-ஆம் ஆண்டில் அமைத்த நான்கு வீச்சு இஞ்சினே இன்றைய பெட்ரோல் வண்டிகளுக்கெல்லாம் மூலம். சிலிண்டருக்குள் பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றும் எரிபொருளும் கலந்த கலவை உள்ளே வருகிறது. பிஸ்டன் மேலேறும்போது அக்கலவை அமுக்கப்படுகிறது. மின்பொறி அதனைக் கொளுத்த, எரிந்த வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பின்னர்ப் புகை வெளியேறுகிறது. கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறோமோ, அதற்கு அமுக்க விகிதம் என்று பெயர். இவ்விகிதம் உயர உயர, அதே எரிபொருளிலிருந்து கிடைக்கும் வேலையும் உயரும். கொள்கையளவில் கணக்கிட்டால், விகிதம் 4 ஆக இருக்கும்போது வெப்பத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 43 பங்கு வேலையாக மாறலாம். விகிதம் 8 ஆனால் 56 பங்கு மாறலாம். உண்மை இஞ்சினில் கிடைப்பது இவற்றினும் குறைவே. ஆயினும் உயரும் போக்கு மாறாது.

அப்படியானால் விகிதத்தை உயர்த்திக்கொண்டே போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் தடை எழுந்தது. 1908-ஆம் ஆண்டில் வெளிவந்த போர்டு ‘டி’ வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இஞ்சினின் கொள்ளளவு 2.9 லிட்டர், வலிமையோ 20 குதிரைத் திறன்தான். அமுக்க விகிதம் 4-ஐ ஒட்டியே இருந்தது. அதற்குமேல் உயர்த்தினால் இஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை எழும், வலிமை குன்றும், நாளடைவில் பிஸ்டனே உடைந்துபோகும். மலைப்பாதையில் பாரத்தோடு ஏறும் பழைய அம்பாசிடர் வண்டி ‘டக், டக்’ என்று தட்டியதையும், ஓட்டுநர் உடனே கியரை மாற்றியதையும் நான் இளமையில் கேட்டும் கண்டும் இருக்கிறேன். அவ்வோசையைத்தான் மெக்கானிக்குகள் நாக்கிங் என்பர். நாம் தட்டல் என்று சொல்வோம்.

தட்டலின் காரணத்தைத் தெளிவாக உணர்ந்தவர்களுள் முதன்மையானவர் ஆங்கிலப் பொறியியல் அறிஞர் ஹாரி ரிக்கார்டோ. 1885-இல் பிறந்த இவர் கேம்பிரிட்ஜில் பயின்றவர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் டாங்கிகளுக்கு 150 குதிரைத் திறன் இஞ்சினை அமைத்துக் கொடுத்தவர். அவர் கண்டறிந்தது இது: மின்பொறி பற்றவைத்த தீ, அறை முழுவதும் பரவச் சிறிது நேரம் ஆகிறது. அதற்குள், எரிந்த வாயு விரிந்து எஞ்சியுள்ள கலவையை ஒரு மூலையில் நெருக்குகிறது. நெருக்குண்ட கலவை, நம் சைக்கிள் பம்பின் காற்றைப்போலச் சூடேறுகிறது. தீ வந்து தொடுவதற்கு முன்னரே அது தானாக ஒரே கணத்தில் வெடித்துவிடுகிறது. அந்த வெடியே தட்டல்.

காரணம் தெரிந்தால் மருந்தும் தெரியும். அக்காலத்து இஞ்சின்களில் வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில் இருந்தன. ஆதலின் எரியும் அறை தட்டையாகவும் நீண்டதாகவும் இருந்தது. தீ நெடுந்தூரம் ஓட வேண்டியிருந்தது. ரிக்கார்டோ அறையின் வடிவத்தை மாற்றினார். வால்வுகளுக்கு எதிர்ப்புறத்தில் மேற்கூரையைப் பிஸ்டனைத் தொட்டுவிடும் அளவுக்குத் தாழ்த்தினார். பிஸ்டன் மேலே வரும்போது அங்கிருந்த கலவை பிதுங்கி மறுபக்கம் பாய்ந்து சுழன்றது. சுழலும் கலவையில் தீ விரைவாகப் பரவியது. ஓடவேண்டிய தூரமும் குறைந்தது. மூலையில் எஞ்சிய மெல்லிய படலம் குளிர்ந்த உலோகத்தை ஒட்டியிருந்ததால் வெடிக்கவில்லை. எரிபொருளில் ஒரு துளியும் மாற்றமில்லை. புதிய பொருள் எதுவும் சேர்க்கவில்லை. வடிவம் ஒன்றே மாறியது. 1924-இல் அமெரிக்காவில் வெளிவந்த கிரைஸ்லர் வண்டி இக்கருத்தைத் தழுவிய இஞ்சினைக் கொண்டிருந்தது. 3.3 லிட்டர் கொள்ளளவில் அது 68 குதிரைத் திறன் தந்தது. விரைந்த சுழற்சி முதலிய பிற காரணங்களும் இதற்கு உண்டு. எனினும் போர்டு ‘டி’ வண்டியினும் சற்றே பெரிய இஞ்சினில் மும்மடங்குக்கு மேற்பட்ட வலிமை கிடைத்தது என்பது எண்ணத்தக்கது.

இனி இரண்டாவது வழியைக் காண்போம். மோட்டார் வண்டிக்கு மின்சார ஸ்டார்ட்டரை அமைத்துப் புகழ்பெற்றவர் அமெரிக்கராகிய சார்லஸ் கெட்டரிங். தட்டலுக்கு அவர் அமைத்த மின்பொறிக் கருவியே காரணம் என்று சிலர் பழி கூறினர். பழியைத் துடைக்க விரும்பிய அவர், 1916-இல் தாமஸ் மிட்ஜிலி என்னும் இளைஞரிடம் ஆராய்ச்சியை ஒப்படைத்தார். பனிக்குக் கீழேயும் பூக்கும் செடி ஒன்றின் இலை சிவப்பாக இருப்பதால், சிவப்பு நிறம் வெப்பத்தை எளிதில் ஏற்கும் போலும் என்று இருவரும் கருதினர். பெட்ரோலைச் சிவப்பாக்கச் சாயம் தேடியபோது அயோடின்தான் கைக்கு அகப்பட்டது. அதைக் கலந்ததும் தட்டல் குறைந்தது! ஆனால், மற்றச் சிவப்புச் சாயங்கள் பயன்படவில்லை. கருத்துத் தவறு, ஆனால் விளைவு உண்மை. தவறான கருத்தும் சில வேளைகளில் சரியான கதவைத் திறந்துவிடும் என்பதற்கு இது சான்று.

அதன்பின் மிட்ஜிலி பொருள் பொருளாகச் சோதித்தார். இறுதியில் 1921-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் டெட்ரா எத்தில் ஈயம் என்னும் திரவத்தைக் கண்டார். ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கலந்தால் போதும், தட்டல் அடியோடு நின்றது. ஈயம் நஞ்சு என்பது புதிய செய்தியன்று. பல நூற்றாண்டுகளாக மருத்துவர் அறிந்ததே. எத்தில் ஆல்கஹாலைக் கலந்தாலும் தட்டல் அடங்கும் என்பதையும் அவ்விருவரும் அறிந்திருந்தனர். ஆனால், ஆல்கஹால் மிகுதியாக வேண்டும். அதை யாரும் காய்ச்சலாம். ஈயத் திரவமோ துளியளவு போதும். அதற்குத் தனியுரிமையும் பெறலாம். 1923 பிப்ரவரியில் ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் அது விற்பனைக்கு வந்தது. ‘எத்தில்’ என்று அதற்குப் பெயரிட்டனர். பெயரில் ஈயம் என்ற சொல்லே இல்லை.

நஞ்சு தன் இயல்பைக் காட்டக் காலம் தாழ்த்தவில்லை. 1923-இல் மிட்ஜிலியே ஈயத்தால் உடல்நலம் கெட்டு ஓய்வு எடுத்துக்கொள்ள நேர்ந்தது. 1924 அக்டோபரில் நியூஜெர்சி மாநிலத்தின் பேவே என்னுமிடத்தில், இத்திரவம் செய்த ஆலையில் தொழிலாளர் ஐவர் சித்தம் கலங்கி மாண்டனர். இச்செய்தியால் மக்கள் கொதித்தனர். அப்போது மிட்ஜிலி பத்திரிகையாளர் முன்னிலையில் அத்திரவத்தைக் கையில் ஊற்றிக் கழுவிக் காட்டினார். அதன் ஆவியை முகர்ந்தும் காட்டினார். தம் உடலே சான்று கூறியதை மறைத்து அவர் நடத்திய அக்காட்சியை எண்ணும்போது மனம் வருந்துகிறது.

1925 மே மாதம் வாஷிங்டனில் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி ஒரு மாநாட்டைக் கூட்டினார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முதல் பெண் ஆசிரியரும் தொழில் நோய்களில் வல்லவருமான டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன், ஈயத்தைத் தெருவெங்கும் பரப்புதல் தகாது என்று வாதிட்டார். நிறுவப்பட்ட குழு சில மாதங்களே ஆராய்ந்து, தடைசெய்யப் போதிய காரணம் இல்லை என்றது. ஆராய்ச்சியைத் தொடரவேண்டும் என்றும் கூறிற்று. விற்பனை தொடர்ந்தது. ஆராய்ச்சியோ, பல ஆண்டுகள் அத்தொழிலாளிகளின் முதலாளிகள் தந்த பணத்திலேயே நடந்தது.

ஈயம் தந்த பயனையும் மறைத்தல் நேர்மையாகாது. அமுக்க விகிதம் 7, 8 என்று ஏறியது. இரண்டாம் உலகப் போரின் விமானங்கள் உயர்ந்த வலிமை பெற்றதற்கும் அது துணை செய்தது. வண்டிகள் விரைந்தன, மக்கள் மகிழ்ந்தனர். ஆனால், இஞ்சினுக்குள் சென்ற ஈயம் எங்கே போயிற்று? புகைக் குழாய் வழியே காற்றில் கலந்து மண்ணிலும் நீரிலும் படிந்தது.

அதனைக் கண்டவர் மோட்டார் துறையைச் சேர்ந்தவர் அல்லர். கிளேர் பேட்டர்சன் என்னும் அறிஞர், விண்கல்லில் உள்ள ஈயத்தை அளந்து பூமியின் வயதைக் கணிக்க முயன்றார். ஆய்வுக்கூடத்தில் எப்பொருளைத் தொட்டாலும் வேற்று ஈயம் ஒட்டியிருந்தது. அறையை வியத்தகு தூய்மையுடன் அமைத்த பின்னரே, பூமியின் வயது ஏறக்குறைய 455 கோடி ஆண்டுகள் என்று 1956-இல் வெளியிட்டார். அந்த ஈயம் எங்கிருந்து வந்தது என்ற வினா அவரை விடவில்லை. கிரீன்லாந்தின் பனிப்படிவங்களைத் தோண்டி எடுத்து அளந்தபோது, பழைய பனியில் சிறிதளவே இருந்த ஈயம் அண்மைக் காலப் பனியில் மிகப் பெருகியிருந்ததைக் கண்டார். மனித உடலில் இருந்த ஈயம் இயற்கையானதன்று என்று 1965-இல் எழுதினார்; அதன் பயனாகப் பகையையும் தேடிக்கொண்டார்.

1979-இல் ஹெர்பர்ட் நீடில்மன் என்னும் மருத்துவரும் அவருடைய துணைவர்களும் வெளியிட்ட ஆய்வு என்னைப் போன்ற ஆசிரியர்க்கு நெஞ்சில் தைக்கும். பாஸ்டனுக்கு அருகில் இருந்த பள்ளிச் சிறுவர்களின் விழுந்த பால் பற்களைச் சேர்த்து, அவற்றில் இருந்த ஈயத்தை அவர்கள் அளந்தனர். அப்பிள்ளைகளின் நடத்தையைப் பற்றி ஆசிரியர்களிடம் தனியே கருத்துக் கேட்டனர். யார் பல்லில் எவ்வளவு ஈயம் என்பது ஆசிரியர்க்குத் தெரியாது. எனினும், பல்லில் ஈயம் மிகுந்த பிள்ளைகளையே ஆசிரியர்கள் கவனம் சிதறுபவர் என்றும், சொன்னதைச் செய்ய இயலாதவர் என்றும் மிகுதியாகக் குறித்திருந்தனர். அறிவுத் தேர்விலும் அப்பிள்ளைகள் பின்தங்கினர்.

நான் பணியாற்றிய பள்ளிகளுள் ஒன்று நெடுஞ்சாலையின் ஓரத்தில் இருந்தது. வகுப்பறைச் சன்னல்கள் சாலையைப் பார்த்தே திறக்கும். ‘கவனம் போதாது’ என்று எத்தனையோ தேர்ச்சி அறிக்கைகளில் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன். இவ்வாய்வைப் பற்றிப் பின்னாளில் படித்த அன்று அந்தச் சொற்கள் என் கண்முன் வந்து நின்றன. குற்றம் முழுவதும் சிறுவர்களுடையது என்று கையெழுத்திட்ட உறுதி எனக்கு இப்போது இல்லை.

ஈயத்தின் ஆட்சி முடிந்ததும் ஓர் இயந்திரக் காரணத்தால்தான் தொடங்கியது. 1975 முதல் அமெரிக்க வண்டிகளில் புகையைத் தூய்மையாக்கும் கருவியைப் பொருத்தினர். அதில் உள்ள பிளாட்டினத்தை ஈயம் மூடிக் கெடுத்துவிடும். ஆகவே ஈயமற்ற பெட்ரோல் தேவையாயிற்று. இந்தியாவில் 1995-இல் சென்னை முதலிய நான்கு பெருநகரங்களில் அது கிடைக்கத் தொடங்கியது; 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயம் நீங்கியது. கடைசியாக அல்ஜீரியா 2021 ஜூலையில் கைவிட்டதோடு, உலகில் எங்கும் மோட்டார் வண்டிக்கு ஈயப் பெட்ரோல் விற்கும் வழக்கம் ஒழிந்தது. மிட்ஜிலியின் கண்டுபிடிப்பு ஏறத்தாழ நூறாண்டு நின்றது.

ஈயம் போனபின் வலிமையும் போய்விட்டதா? முதலில் சிறிது குறைந்தது உண்மை. பின்னர்ப் பொறியியலார் ரிக்கார்டோ சென்ற பாதைக்குத் திரும்பினர். அறையின் வடிவத்தைச் செம்மை செய்தனர். சிலிண்டருக்கு நான்கு வால்வுகள் வைத்தனர். தட்டல் ஓசையைக் கேட்டதும் மின்பொறியைத் தாமதப்படுத்தும் மின்னணுச் செவியை இஞ்சினில் பொருத்தினர். 2011-இல் ஜப்பானிய மாஸ்டா நிறுவனம் வெளியிட்ட இஞ்சின் ஒன்றில் அமுக்க விகிதம் 14. ஈயம் ஒரு துளியும் இல்லை. நம் நாட்டில் 2025-ஆம் ஆண்டில் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு ஆல்கஹால் கலக்கும் நிலை வந்தது. அது தட்டலை அடக்கும் என்று 1920-களிலேயே தெரிந்திருந்ததை நினைவில் கொள்ளுங்கள்.

மாணவர்களே, உங்களுள் பலர் நாளை பொறியியல் பயில்வீர்கள். ஓர் இடர் எதிர்ப்படும்போது, அதன் காரணத்தை ஆராய்ந்து அமைப்பையே திருத்துவது ஒரு வழி. காரணம் எதுவாயினும் ஆகுக என்று அதனை அடக்கும் பொருளை ஊற்றிவிடுவது மற்றொரு வழி. இரண்டாம் வழி விரைவில் பயன் தரும், பணமும் தரும். அதன் விலையை யார் செலுத்துவர் என்று ஊற்றுவதற்கு முன்னரே கேட்டுவிடுங்கள். ஈயத்தின் விலையைச் செலுத்தியவர்கள் பெரும்பாலும் மோட்டார் வண்டி ஏறியறியாத சிறு குழந்தைகளே.