ஒற்றியூர் முதல் வள்ளூர் வரை: ஒரு வழியின் வரலாறு

1. தோற்றுவாய்

ஊர் வரலாறு எழுதுவோர் கோயில், கல்வெட்டு, ஆட்சி மரபு என்னும் மூன்றினையே பெரும்பாலும் தமக்குக் கருவியாகக் கொள்வர். ஓர் ஊருக்கு மக்கள் எவ்வழியே வந்தனர், எத்துணைப் பொழுதில் வந்தனர், வழியில் எங்குத் தங்கினர் என்பன அவ்வரலாறுகளில் இடம்பெறுதல் அரிது. வழிகூறுதலையே பொருளாகக் கொண்டு ஆற்றுப்படை என்னும் தனி இலக்கிய வகையைப் படைத்துக்கொண்ட மொழியில் வழியின் வரலாறு இங்ஙனம் புறக்கணிக்கப்படுதல் பொருந்துவதன்று. வடசென்னைக் கடற்கரையில் இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் ஆகியவற்றைக் கடந்து மீஞ்சூரை அடுத்த வள்ளூர் வரை அமைந்த நிலப்பகுதியின் போக்குவரவு காலந்தோறும் மாறியவாற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வள்ளூர் யான் பிறந்து வளர்ந்த ஊர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேற்றூரில் பணிபுரிந்து, சென்ற ஆண்டு அன்னையாருடன் அவ்வூர்க்குச் சென்றபோது, பழைய வழி புலப்படாமையால் பிறரை வினவித் தெளிய நேர்ந்தது. பிறந்த ஊருக்கே வழி வினவ நேர்ந்த அந்நிகழ்ச்சியே இவ்வாராய்ச்சிக்கு முதற்காரணம் என்பதனை மறைத்தல் வேண்டா.

2. கால்வழி

தொண்டை நாட்டுப் பெருவழிகளைப் பற்றிய பழஞ்செய்திகளைப் பெரும்பாணாற்றுப்படை தருகின்றது. உப்பு வணிகராகிய உமணர் தம் குடும்பத்தோடு வண்டியிற் செல்லுதலையும், பொதி சுமந்த கழுதைச் சாத்துச் செல்லுதலையும், உல்கு பெறும் காவலுடைய வழியினையும் அந்நூல் காட்டுகின்றது. அத்திப்பட்டு, வள்ளூர்ப் புறங்களில் உப்பளங்களைக் கண்டு வளர்ந்தார்க்கு அவ்வுமணர் காட்சி நூலளவில் நிற்பதன்று. உப்பு விளையும் இடத்தில் வழி பிறக்கும். வழி பிறந்த இடத்தில் உல்கும் பிறக்கும்.

அடுத்து நோக்கத்தக்கது சுந்தரர் வரலாறு. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, அவ்வூரை விட்டுப் பிரியேன் என மகிழின் கீழ் அவர் சூளுரைத்தார். பின்னர்த் திருவாரூரை நினைந்து எல்லை கடந்தமையாற் கண்ணொளி இழந்தார். வடதிருமுல்லைவாயில், திருவெண்பாக்கம், திருவாலங்காடு, காஞ்சி என அவர் சென்ற வழியைச் சேக்கிழார் நிரல்படக் கூறுகின்றார். வெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் ஒரு கண்ணும், ஆரூரில் மற்றொரு கண்ணும் பெற்றார் என்பது வரலாறு. சமயக் கருத்து ஒருபுறம் நிற்க, ஒற்றியூரினின்று தெற்கு நோக்கிச் செல்வார் எவ்வெவ்வூர்களைத் தொட்டுச் செல்லுதல் இயலும் என்பதற்கு இப்பகுதி சான்றாகவும் அமைகின்றது. தொண்டை நாட்டவராகிய சேக்கிழார் வழியறிந்தே பாடினார் என்று கொள்ளுதல் தகும். அவர் கூறிய திருவெண்பாக்கம் இன்று தன் பழைய இடத்தில் இல்லை. 1944ஆம் ஆண்டிற் பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தபோது அப்பழைய இடம் நீருட்பட்டது. கோயில் பின்னர் வேறிடத்தில் அமைக்கப்பெற்றது. அந்நீர்த்தேக்கத்திற்குரிய கொசத்தலையாறே கிழக்கு நோக்கி வந்து, வள்ளூர் அணைக்கட்டினைக் கடந்து, எண்ணூர்க் கழிமுகத்திற் கடலொடு கலக்கின்றது.

கால்வழியின் மரபு மிக அண்மைக்காலம் வரையிற் சிதையாது நின்றது. இராமலிங்க அடிகள் 1858இற் சென்னையை நீங்கிக் கருங்குழி செல்லும் வரையில், ஏழுகிணற்றுப் பகுதியிலிருந்து ஒற்றியூர்க்கு நடந்து சென்று வழிபட்டமை யாவரும் அறிந்தது. சென்னையில் வாழ்ந்த ஏனுகுல வீராசாமி என்பார் 1830 மே 18ஆம் நாள் காசிக்குப் புறப்பட்டு, 1831 செப்டம்பர் 3ஆம் நாள் மீண்டார். தெலுங்கில் அமைந்த அவர்தம் பயண நூல் தங்கிய ஊர்களை நிரலே குறித்துச் செல்கின்றது. அக்காலத்தார்க்குப் பயணம் என்பது ஊர்களின் தொடர். இடையிலுள்ள ஊர்களை அறியாமல் முடிவிலுள்ள ஊரை அடைதல் எவர்க்கும் இயலாது.

மேலூர்த் திருவுடையம்மன், ஒற்றியூர் வடிவுடையம்மன், வடதிருமுல்லைவாயிற் கொடியிடையம்மன் ஆகிய மூவரையும் வெள்ளிக்கிழமையொடு கூடிய நிறைமதி நாளில் ஒரே பகலில் வழிபடும் வழக்கம் இப்பகுதியில் இன்றும் உண்டு. மேலூர் வள்ளூர்க்கு அணித்தாகிய ஊர். இவ்வழக்கத்தின் பயன் 'ஒரே நாள்' என்னும் வரையறையிலேயே அடங்கியுள்ளது என்பது என் கருத்து. முயன்று பெறுதற்குரிய ஒன்றாக அந்நாள் வகுக்கப்பட்டது. எம் பாட்டியார் விடியலுக்கு முன் எழுந்து, கட்டுச்சோறு கொண்டு, சிறிது நடந்தும் சிறிது வண்டி ஏறியும் மூன்று திருமுன்னும் கண்டு, இரவில் வீடு திரும்புவார். மறுநாள் முழுதும் அவர் கூறுவன தெய்வத்தைப் பற்றியன அல்ல; வழியிற் கண்ட உறவினரையும், நீர் வற்றிய குளத்தையும், நெல் விளைந்த வயலையும் பற்றியனவே.

3. காலடிப்பேட்டை: ஒரு பெயராய்வு

திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டை என்னும் பெயரைக் 'காலடி' என்னும் சொல்லொடு இயைத்துப் பொருள் கூறுவாரும் உளர். அது பொருந்தாது. 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராயிருந்த சோசப் காலெட் என்பவர் நெசவாளரைக் குடியேற்றிய ஊர் அது. காலெட்பேட்டை என்பதே மக்கள் நாவிற் காலடிப்பேட்டை ஆயிற்று. அயற்பெயர் ஒன்று, பொருள் விளங்காத நிலையில், தமிழ்ச் சொல்லின் வடிவத்தைத் தழுவிக்கொள்ளுதல் மொழியியல்பே. இராயபுரம் என்னும் பெயரும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. பேதுரு அடியாரை இராயப்பர் எனத் தமிழ்க் கிறித்தவர் வழங்கினர். அவர் பெயராலமைந்தது அவ்வூர்.

காலடிப்பேட்டை வரதராசர் கோயிலைப் பற்றி ஊரார் வழங்கும் கதையொன்று உண்டு. காலெட்டின்கீழ்ப் பணிபுரிந்த அன்பர் ஒருவர் காஞ்சி வரதரை வழிபடச் சென்று சென்று வருதலாற் பணிக்குக் காலந்தாழ்த்தனராம். அவர் அன்பின் உண்மையைத் தெளிந்த ஆளுநர் இவ்வூரிலேயே வரதர்க்குக் கோயில் எழுப்ப இசைந்தாராம். இக்கதையின் உண்மை எவ்வாறாயினும், பணியிடத்திற்கும் வழிபாட்டிடத்திற்கும் இடைப்பட்ட தொலைவே இதன் கரு. பேட்டைகள் தோன்றிய காலத்தில் மக்கள் உணர்ந்த புதிய இடர்ப்பாடு அது.

4. நீர்வழி

1806ஆம் ஆண்டளவிற் காக்கிரேன் என்பவரின் முயற்சியாற் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 கல் தொலைவிற்குக் கால்வாய் வெட்டப்பெற்றது. 1837இல் அரசு அதனை ஏற்றது. பின்னர்ப் பழவேற்காட்டிற்கும், அதற்கப்பால் தெலுங்கு நாட்டிற்கும் அது நீண்டது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடும்பஞ்சத்தில், உணவற்ற மக்களைக் கூலிக்கு அமர்த்திக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி தோண்டப்பட்டது. அந்நாளைய ஆளுநர் பெயரால் 1878இல் அது பக்கிங்காம் கால்வாய் எனப்பட்டது. நாட்டுப் பாடல்களில் இடம்பெறாத அத்தொழிலாளரின் உழைப்பின்மேலேயே பின்னாளைய படகுகள் சென்றன என்பதனை வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

சீரிக்கோட்டைக் காட்டு விறகும், கழிநிலத்து உப்பும் சென்னைக்கு வந்தது இவ்வழியே. காற்றிருந்தாற் பாய் விரித்தும், இல்லையேற் கோல் ஊன்றியும், கரையினின்று கயிறு பற்றி இழுத்தும் படகுகளைச் செலுத்தினர். 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்களாற் கால்வாய் பெரிதும் சிதைந்தது; அதன்பின் நீர்வழி மீளவில்லை. நகரினுள் அதன் ஒரு பகுதியின் மேலேயே 1995 முதற் பறக்கும் தொடர்வண்டி ஓடலாயிற்று. நீர்வழிக்கு இருப்புவழியே கூரையாயிற்று எனலாம்.

5. இருப்புவழி

தென்னாட்டின் முதற் புகைவண்டி 1856 சூலை 1ஆம் நாள் இராயபுரத்தினின்று வாலாசா சாலைக்குப் புறப்பட்டது. இதுகொண்டு, வடசென்னைப் பகுதி அன்றே இருப்புவழியின் பயனை எய்திற்று என்று பலரும் எழுதுவர். இக்கருத்து ஆய்தற்குரியது. அவ்வண்டி சென்றது மேற்குத் திசை நோக்கி. கீழைக்கடலை மேலைக்கடலொடு இணைத்தல் அந்நிறுவனத்தாரின் நோக்கமாகலின், பாதை 1862இல் மலையாளக் கரையிலுள்ள பேப்பூரை எட்டிற்று. ஆயின் இராயபுரத்திற்கு வடக்கேயுள்ள எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் ஆகிய அண்மை ஊர்கள் பெற்றது யாது? சென்னையை விசயவாடாவொடு இணைக்கும் பாதை திறக்கப்பட்டது 1899இல். மேலைக்கடற்கரையார் புகைவண்டி ஏறிச் சென்னைக்கு வந்து முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்த பின்னரே, மீஞ்சூரார் அதனை ஏறினர். அதுவரை அவர்க்குப் படகும் வண்டியும் காலுமே துணை. வழியின் தொடக்கத்தில் வாழ்தல் வேறு. வழியைப் பெறுதல் வேறு என்பது இதனாற் பெறப்படும்.

1979இற் கும்மிடிப்பூண்டி வரை மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. என் இளமைப் பயணங்கள் இவ்வண்டியில் அமைந்தவை. வள்ளூரினின்று வரப்பின்மேல் நடந்து அத்திப்பட்டு நிலையத்தை அடைவோம். எண்ணூர்க்கு இப்பால் இருமருங்கும் உப்பளங்கள். வெண்குவைகள் வெயிலில் ஒளிரும். மீன்கூடையொடு மகளிர் ஏறுவர்; தொழிற்சாலை செல்வோர் இறங்குவர். பெட்டி முழுதும் ஒருவரை ஒருவர் ஊர்ப்பெயரால் அறிந்திருந்தனர்.

6. சரக்குவழி

இப்பகுதி பிறர் பயணத்திற்கு ஊர்தி சமைத்துக் கொடுத்த நிலம். திருவொற்றியூரில் என்ஃபீல்டு இருசக்கர ஊர்திகள் 1955 முதற் செய்யப்பட்டன. எண்ணூரில் அசோக் லேலண்டு நிறுவனத்தார் பேருந்துக்கும் சரக்குந்துக்கும் அடிச்சட்டம் சமைத்தனர். தமிழகத்துச் சிற்றூர் பலவற்றிற்குச் சென்ற பேருந்துகளின் பிறப்பிடம் இக்கடற்கரை என்பது மிகையன்று.

பின்னர் வந்த மாற்றம் வேறு தன்மையது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இற் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் 1994 முதல் இயங்கலாயிற்று. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது; அது 2014இற் காமராசர் பெயர் பெற்றது. வள்ளூரில் 2012க்கும் 2015க்கும் இடையில் மூன்று அலகுகளாக 1500 மெகாவாட் திறனுடைய அனல்மின் நிலையம் எழுந்தது. துறைமுகத்தினின்று நிலக்கரி தனக்கென அமைந்த சுமைப்பட்டையின்மேல் இடையறாது செல்கின்றது. மக்களோ, திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டிச் சாலையிற் கொள்கலன் ஊர்திகளின் நெடுவரிசைக்கிடையே ஒதுங்கிச் செல்கின்றனர்.

2021 பிப்ரவரி 14ஆம் நாள் மெட்ரோ தொடர்வண்டி வண்ணாரப்பேட்டையினின்று விம்கோ நகர் வரை நீண்டது. அதன் நிலையங்களுள் சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி என்பன உள்ளன. பழைய உல்கும், காலெட்டின் பெயரும், தேர் நிலையும் புதுவழியில் மீண்டும் ஒலித்தல் மகிழ்தற்குரியது. ஆயினும் அவ்வழி எண்ணூர்க்கு முன்னரே நின்றுவிடுகின்றது. 1856இல் மேற்கே திரும்பிய வழி, 2021இல் விம்கோ நகரில் நின்றது. வள்ளூர் இரண்டிற்கும் அப்பாலது.

7. மீட்சி

சென்ற ஆண்டு மூன்று அம்மன் திருமுன்னையும் அன்னையாருடன் மகிழுந்திற் சென்று வழிபட்டேன். புறவட்டச் சாலை மீஞ்சூரிலேயே தொடங்குதலின், நண்பகலுக்கு முன்னரே மூன்றும் நிறைவெய்தின. எம் பாட்டியார்க்கு ஒரு பகல் முழுதும் வேண்டியது எமக்கு அரைப்பகலில் முடிந்தது. எஞ்சிய பொழுதிற் பழைய வீட்டைக் காணச் சென்றபோதே வழி தவறினோம். வரப்புவழி மதிலுக்குள் அடங்கியிருந்தது. ஆங்கு நின்ற முதியவரிடம் அன்னையார் அணைக்கட்டு எத்திசையில் உள்ளது என்று மட்டும் வினவினார். அதனைக் கொண்டே தெருவை உய்த்துணர்ந்து என்னை அழைத்துச் சென்றார். கைப்பேசி காட்டிய வழி எங்களை மதிலின் வாயிலிலேயே கொண்டு நிறுத்தியிருந்தது.

திரும்பும்போது, மூன்று கோயிலையும் கண்டோம், ஊர் ஒன்றையும் காணவில்லை என்று அவர் கூறினார். குறைகூறும் குரலன்று அது. கணக்குச் சொல்லும் குரல். அக்கணக்கிற்கு அன்று என்னிடம் விடையில்லை.

8. முடிபு

இதுகாறும் கூறியவாற்றான் பின்வருவன பெறப்படும். இப்பகுதியில் இடைக்காலத்துக்குப்பின் எழுந்த வழிகளுட் பெரும்பாலன விறகு, உப்பு, நிலக்கரி ஆகிய சரக்குகளின் பொருட்டு எழுந்தவை. மக்கள் அவற்றைப் பின்னர்ப் பற்றிக்கொண்டனர். ஒவ்வொரு புதுவழியும் முந்தையதினும் விரைவாயிற்று. விரைவு மிகுந்தோறும் இடையூர்கள் அறிவினின்று மறைந்தன. எனினும் பழைய நாளை மீட்டல் வேண்டும் என்பது என் கருத்தன்று. இரவில் நோயுற்ற குழந்தையைத் தோளிற் சுமந்து மீஞ்சூர்க்கு நடந்தவர்கள் கால்வழியின் இனிமையைப் பாடமாட்டார். வேண்டுவது ஒன்றே: வழிகள் முற்றும் மறையுமுன், அவற்றை நடந்தறிந்த முதியோர் வாய்மொழியைத் தொகுத்தல். ஒற்றியூர் முதற் பழவேற்காடு வரை ஊர்தோறும் வழங்கும் துறை, சாவடி, கரை, மேடு ஆகிய பெயர்களைத் தொகுத்தாராய்தல் முதுகலை மாணவர்க்கு ஏற்றதொரு பணியாகும். அணைக்கட்டினைக் கொண்டு தெருவை உணரும் அறிவு எந்நூலிலும் இல்லை. அஃது எம் அன்னையார் தலைமுறையோடு நின்றுவிடுதல் கூடாது.