நாஞ்சில் நாடும் கார்த்திகைப் புயலும்

நாஞ்சில் நாட்டில் பனி என்பது மார்கழி விடியற்காலையின் சிறு குளிரோடு தீர்ந்துவிடும். குளிர்காலத்தின் உண்மையான உக்கிரம் அதற்கு முந்திய ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே மழையாக வந்து இறங்கிவிடுவது வழக்கம். ஆனி, ஆடியில் மலையாள நாட்டோடு தென்மேற்குப் பருவமழையையும், ஐப்பசிக்குமேல் சோழ மண்டலத்தோடு வடகிழக்குப் பருவமழையையும் சேர்த்துப் பெற்று, கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு போகம் நெல் விளைத்த தோவாளை, அகஸ்தீசுவரம் தாலுகாக்களின் விவசாயிக்கு வெள்ளம் புதிய விருந்தாளி அன்று. அதை எதிர்பார்த்துக் கால்வாய்களில் அடைந்த செடிகொடிகளைக் களைந்து, மடைகளைச் செப்பனிட்டு, கரை மெலிந்த இடங்களில் மண்ணிட்டு, மறுகால் பாயும் வழியைத் துப்புரவாக்கி வைப்பது ஊர்க்காரியங்களில் முக்கியமான ஒன்றாயிருந்தது. பன்னிரண்டு பிடாகைகளாகப் பிரிந்திருந்த நாட்டில், நாட்டார் கூடிப் பேசிய பொதுக்காரியங்கள் எவையாயினும், அடியில் குளமும் வாய்க்காலும் இல்லாமல் இரா.

பின்னர்த் திருவிதாங்கூர் சர்க்கார் 1897 முதல் 1906 வரை கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணையைக் கட்டி எழுப்பியபோது, பாசன நீருக்காக வானத்தையே நம்பியிருந்த நிலை வெகுவாக மாறியது. அந்த வேலையை முன்னின்று நடத்திய மிஞ்சின் என்ற ஐரோப்பியப் பொறியாளரின் கல்லறை அணைக்கு அருகிலேயே இருக்கிறது. மழைநாட்களில் இன்றும் நாகர்கோவில் தேநீர்க் கடைகளில் அரசியலுக்கு முந்திய பேச்சு, பேச்சிப்பாறையில் எத்தனை அடி என்பதுதான். 48 அடிக் கொள்ளளவை நெருங்கினால் குரல்கள் சற்றுத் தாழும்.

ஆக, இந்த நாட்டின் முன்னேற்பாடுகள் யாவும் தண்ணீரைக் குறித்தவை. 2004 டிசம்பரில் வந்த ஆழிப்பேரலைகூட, அத்தனை உயிர்களைக் கொண்டுபோய், மணக்குடிப் பாலத்தையும் பெயர்த்தெறிந்து, தண்ணீரின் பயத்தைத்தான் மேலும் ஆழமாக்கியது. காற்றைப் பற்றி நினைக்க எவருக்கும் காரணம் இருக்கவில்லை. பூமியின் சுழற்சியால் காற்றுக்கு உண்டாகும் திருப்பம் பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கக் குறைவதால், எட்டாவது அட்சரேகையை ஒட்டிய குமரிமுனைக் கடலில் புயல் உருக்கொள்வது அபூர்வம். வங்கக் கடலில் பிறப்பவையும் பெரும்பாலும் வடமேற்கே சோழ மண்டலக் கரைக்கோ, ஆந்திரத்துக்கோ, ஒடிசாவுக்கோ போய்விடும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல்கூடக் குமரிக்கு அயலூர்ச் செய்திதான்.

ஆனால் 2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, அத்தீவைக் கடந்து குமரிக் கடலில் இறங்கி, மறுநாள் முற்பகலிலேயே ஒக்கி என்ற பெயருடன் புயலாகிவிட்டது. கடல் கொந்தளிக்கும் என்ற எச்சரிக்கை முன்னரே வந்திருந்ததாயினும், புயல் என்ற சொல் வந்தபோது அந்தப் புயலே வாசலில் நின்றது. கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா நடந்துகொண்டிருந்த வாரம் அது.

ஒரு நகரத் தெருவில் பெரிய மரம் சாயும்போது அது தனியாகச் சாய்வதில்லை. வேர் பெயர்ந்தெழுகையில் ஓடைக்கல்லையும் தளத்தையும் தூக்கிக்கொண்டு எழும். கிளையில் சிக்கிய மின்கம்பி இறுகி, இருபுறத்துக் கம்பங்களையும் தன்னோடு வளைத்து இழுக்கும். அந்தக் கம்பங்கள் அடுத்தவற்றை இழுக்கும். இப்படியாகக் குமரி மாவட்டமெங்கும் ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் விழுந்தன. மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறாது. சுற்றிலும் மழைநீர் பெருகிக் கிடக்க, குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் இல்லையென்ற விசித்திரத்தை ஜனங்கள் அனுபவித்தார்கள். வெளி மாவட்டங்களிலிருந்து மின்வாரியத் தொழிலாளர்கள் வந்து, அறுவை இயந்திரங்களால் மரத்தைத் துண்டித்து வழியுண்டாக்கி, கம்பங்களை நட்டு, கம்பியை இழுத்துக்கொண்டு போனார்கள். அவர்களுடைய பிரயாசை இன்றும் நன்றியோடு நினைக்கத்தக்கது. கிராமங்கள் பலவற்றில் வெளிச்சம் வரப் பல நாட்கள் ஆயின.

இதற்கெல்லாம் முன்பே ஏற்பாடு செய்திருக்கலாமே என்று கேட்கலாம். நியூயார்க் நகரம் ஆண்டுதோறும் பனியைப் பார்த்துப் பழகியது. ஆயினும் 1888 மார்ச்சில் வந்த பெரும் பனிப்புயலில் தந்தி, மின்கம்பிகள் அறுந்து வீதிகளில் விழுந்த பின்னரே, அவற்றைப் பூமிக்கடியில் புதைக்கும் வேலை அங்கே வேகம் பிடித்தது. பழகிய அபாயத்துக்கே அப்படியென்றால், பழகாத காற்றுக்கு அன்றைய நாகர்கோவில் நகராட்சியைக் குறைகூறுவதில் அதிக நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

குறைகூற நியாயம் உள்ள இடம் கடல். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களின் மீனவர்கள் சுறா தேடி ஆழ்கடலுக்குப் போய், பல வாரங்கள் அங்கேயே தங்கித் தொழில் செய்பவர்கள். வாடை, கச்சான், கொண்டல் என்ற காற்றுகள் அவர்களுக்கு ஏட்டுப் பெயர்களல்ல. ஆனால் கரையில் ஒலிபெருக்கியில் சொல்லும் எச்சரிக்கை கரையில் இருப்பவனுக்கு மட்டுமே கேட்கும். படகிலிருந்த கம்பியில்லாச் சாதனம் எட்டும் தூரமோ சொற்பம். அவர்கள் வலை வீசியிருந்த மேற்குக் கடலைத் தாண்டித்தான் புயல் லட்சத்தீவை நோக்கி, வலுத்துக்கொண்டே சென்றது. தப்பிய படகுகள் கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்தின் தேவகட்டிலும் ஒதுங்கின. மற்றவர்களைத் தேடுவதில் தாமதம் நேர்ந்ததென்று கொதித்த கடற்கரை ஜனங்கள், டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தனர். செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலுக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் இந்த ஊர்ப் பேச்சில் இடம்பெற்றது அதற்குப் பிறகே.

கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் சாய்ந்த வாழையை விவசாயிகள் அடுத்த பருவத்திலேயே மறுபடி நட்டார்கள். ரப்பருக்கு அது முடியாது. கன்று நட்டுப் பால் வெட்டத் தொடங்க ஏறத்தாழ 7 ஆண்டுகள் வேண்டும். காணாமற்போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டம் சொல்லிய காலமும் 7 ஆண்டுகளே. ஒக்கியில் திரும்பாத மீனவர்களின் குடும்பங்களை அவ்வளவு காலம் காக்க வைக்காமல், அரசு அந்த நிபந்தனையைத் தளர்த்தி, குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் வழங்கியது.