1,305 படி ஏற முடியாதவர்களுக்கு ரோப் கார்: மலைக்கோயிலில் வசதி வந்தால் என்னவெல்லாம் மாறும்?

கார்த்திகை மாத ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வானகரத்தில் பெங்களூரு ஹைவே ஓரமாக நின்று பாருங்கள். பூந்தமல்லி பக்கம் போகும் வேன்களில் தாத்தா, பாட்டி, கைக்குழந்தை என்று குடும்பமே உட்கார்ந்திருக்கும். அதில் சில வண்டிகள் சோளிங்கருக்குப் போகிறவை. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். போய்ச் சேர்வது பெரிய கஷ்டமில்லை. கஷ்டம் அடிவாரத்தில்தான் ஆரம்பிக்கும்: 1,305 படி.

ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கும் சோளிங்கர் யோக நரசிம்மர் கோயில், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பழைய பெயர் திருக்கடிகை. பெரிய மலை சுமார் 750 அடி உயரம். எதிரில் சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர். அதற்குத் தனியாக 406 படி. யோகத்தில் இருக்கும் நரசிம்மர் கார்த்திகையில்தான் கண் திறக்கிறார் என்பது நம்பிக்கை. அதனால் அந்த ஒரு மாதம் மட்டும் கூட்டம் மொத்தமும் வந்து சேரும்.

முட்டி வலி உள்ளவர்கள் என்ன செய்தார்கள்? டோலியில் போனார்கள். நாலு பேர் தோளில் சுமந்து மேலே கொண்டுபோவார்கள். அதற்குப் பணம் இல்லாதவர்கள் கீழிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். பல வருஷம் இழுத்துக்கொண்டே போன ரோப் கார் திட்டம் 2024-இல் ஒருவழியாக ஓட ஆரம்பித்தது. அதே ஆண்டு ஜூலையில் கரூர் மாவட்டம் அய்யர்மலையிலும் ரோப் கார் வந்தது. அங்கே ரத்தினகிரீஸ்வரரைப் பார்க்க 1,017 படி ஏற வேண்டும். செலவு, இரண்டு இடத்திலும் தலா 9 கோடி ரூபாய்க்கு மேல்.

திருநீர்மலை, திருக்கழுக்குன்றம், திருப்பரங்குன்றம், கோவை அனுவாவி என்று இந்து சமய அறநிலையத்துறையின் ரோப் கார் பட்டியல் நீளமானது. சரி, ரோப் கார் வந்துவிட்டால் பிரச்னை முடிந்ததா? அங்கேதான் நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பழனி சொல்லும் கதை

தமிழ்நாட்டில் இதில் நீண்ட அனுபவம் உள்ள ஊர் பழனி. 1966-லேயே அங்கே முதல் வின்ச் வந்துவிட்டது. வின்ச் என்றால் தண்டவாளத்தில் ஓடும் பெட்டி. மேலே இருக்கும் மோட்டார், இரும்புக் கயிற்றால் அதை இழுக்கும். இன்று மூன்று வின்ச் ஓடுகின்றன. 2004 நவம்பரில் ரோப் கார் வந்தது. இதில் பெட்டிகள் அந்தரத்தில், சுற்றிக்கொண்டே இருக்கும் கம்பி வடத்தில் தொங்கும். வின்ச் மேலே போய்ச் சேர எட்டு நிமிஷம் ஆகும் என்றால் ரோப் கார் மூன்று நிமிஷத்தில் போய்விடும்.

ஆனால் பழனிக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். பராமரிப்புக்காக ரோப் கார் மாதத்தில் ஒருநாள் ஓடாது. வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாதத்துக்கும் மேல் நிறுத்திவிடுவார்கள். கம்பி வடம், பேரிங், பெட்டியைப் பிடித்திருக்கும் கிளிப் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்து, தேய்ந்ததை மாற்றி, எடை வைத்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஆட்களை ஏற்றுவார்கள். பலத்த காற்று அடித்தாலும் நிறுத்திவிடுவார்கள். இதற்காகக் கோபப்படும் பக்தர்கள் உண்டு. உண்மையில் கோபப்பட வேண்டியது நிறுத்தாமல் ஓட்டினால்தான். 2007-இல் பழனி ரோப் கார் விபத்தில் 4 பேர் உயிரிழந்தார்கள். 2022 ஏப்ரலில் ஜார்க்கண்ட் தேவ்கர் பக்கம் திரிகூட மலையில் ரோப்வே பழுதாகி, 40-க்கும் அதிகமானவர்கள் அந்தரத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் வைத்து மீட்கவே கிட்டத்தட்ட இரண்டு நாள் ஆனது. 3 பேர் இறந்தார்கள். அய்யர்மலையிலும் திறந்த மறுநாளே காற்றில் சேவை நடுவழியில் நின்று, பக்தர்கள் தவித்துப் போனார்கள்.

பழனியில் ரோப் கார் நின்றால் வின்ச் இருக்கிறது, யானைப் பாதை இருக்கிறது. சோளிங்கரில் ரோப் கார் நின்றால் படிதான். அப்போ படியோரத்தில் நிழல், குடிநீர், உட்கார இடம், முதலுதவி ஆகியவற்றை "ரோப் கார் வந்துடுச்சே" என்று கைவிட முடியாது. சோளிங்கர் படிகளில் குரங்குத் தொல்லை வேறு. கையில் பையோடு ஏறியவர்களுக்குத் தெரியும், குச்சி இல்லாமல் போகக்கூடாது.

மலை உச்சி எவ்வளவு பேரைத் தாங்கும்?

பொதுவாக யாரும் பேசாத விஷயம் இது. 1,305 படி என்பது ஒரு தடை மட்டுமில்லை, கூட்டத்தைச் சிறுகச் சிறுக மேலே அனுப்பும் வடிகட்டியும் அதுதான். ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஏறுவார், இன்னொருவர் மூன்று மணி நேரத்தில். ரோப் கார் வந்ததும் அந்தக் கணக்கு மாறுகிறது. முன்பு வராதவர்களும் வருவார்கள்; அதுதான் நோக்கமே. ஆனால் மேலே கருவறையும் பிராகாரமும் அதே அளவுதான்.

ஒரு கணக்குக்கு, மணிக்கு 400 பேரை ஏற்றும் ரோப் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணி நேரம் நிற்காமல் ஓடினாலும் 4,000 பேர். விசேஷ நாளில் 20,000 பேர் வந்தால் மீதி 16,000 பேர் படியில்தான் போக வேண்டும். ஆக, அடிவாரத்தில் ரோப் கார் க்யூ, மேலே தரிசன க்யூ, மாலையில் இறங்குவதற்கு மறுபடி க்யூ. 2025 ஜூலையில் ஹரித்வார் மானசா தேவி மலைக்கோயிலில் நெரிசல் ஏற்பட்டு உயிர்கள் போனது, ரோப்வே வசதி உள்ள அந்த மலையின் படிப் பாதையில்தான்.

ரோடு போட்ட மலைகளிலும் இதேதான். அம்பத்தூர், ஆவடிக்காரர்கள் மின்சார ரயில் பிடித்துப் போகும் திருத்தணியில் 365 படி. வண்டியிலும் மேலே போகலாம். முகூர்த்த நாளில் காரில் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், படியில் போயிருந்தால் சீக்கிரம் தரிசனம் முடிந்திருக்கும் என்பார்கள். நமக்குப் பக்கத்திலேயே, மாங்காடு தாண்டி, குன்றத்தூர் முருகன் கோயில். 84 படிதான். மேலே வண்டி போகப் பாதையும் உண்டு. சஷ்டி, கிருத்திகை என்றால் அங்கேயும் பார்க்கிங்தான் தலைவலி. பழனி கிரிவீதியில் ஆக்கிரமிப்புகளை அகற்றவும், தனியார் வண்டிகளை நிறுத்தவும் உயர் நீதிமன்றம் தலையிட வேண்டி வந்தது. இப்போது அங்கே பக்தர்களுக்கு பேட்டரி வண்டி ஓடுகிறது.

டோலி தூக்கியவர்கள் எங்கே போவார்கள்?

2024 கடைசியில் ஜம்மு பக்கம் கத்ராவில் வைஷ்ணவ தேவி ரோப்வேக்கு எதிராகக் குதிரைக்காரர்களும் பல்லக்குத் தூக்குவோரும் தெருவில் இறங்கினார்கள். கடைக்காரர்கள் கடையடைத்தார்கள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி: பக்தர் நேராக மேலே போய்விட்டால் வழியில் பிழைத்தவன் கதி? ஒரு மனிதனை இன்னொருவர் தோளில் சுமப்பது நிற்பது நல்லதுதான். ஆனால் அந்த வேலையைச் செய்தவர்களுக்கு ரோப் கார் நிலையத்திலோ கோயில் பணியிலோ முதல் இடம் கொடுப்பது திட்ட மதிப்பீட்டிலேயே எழுதப்பட வேண்டிய வரி. திறப்பு விழாவுக்கு அப்புறம் மனு வாங்கிக்கொண்டு யோசிக்கிற விஷயம் கிடையாது.

ஏன் இவ்வளவு தாமதம்?

மலையடிவாரம் வனத்துறை நிலமாக இருந்தால் 1980 வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அனுமதி வேண்டும். தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னம் இருந்தால் அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. திருக்கழுக்குன்றம் மலையில் பல்லவர் கால ஒருகல் மண்டபம் இருப்பதை நினைத்துப் பாருங்கள். மண் ஆய்வு, காற்று ஆய்வு, டெண்டர் எல்லாம் தனி. கேதார்நாத்தில் 12.9 கிலோமீட்டர் ரோப்வேக்கு மத்திய அரசு 2025 மார்ச்சில் 4,081 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் கொடுத்தது. நம்மூர்க் குன்றுகளுக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் கட்டும் செலவு ஒருமுறைதான், பராமரிப்புச் செலவு வருஷா வருஷம் வரும். பெரிய வருமானம் உள்ள பழனி அதைத் தாங்கும். சின்னக் கோயில்கள் டிக்கெட் விலையை ஏற்றினால், கீழிருந்தே கும்பிட்டுத் திரும்பிய அதே ஆட்கள் மறுபடி கீழேயேதான் நிற்பார்கள்.

போகிறவர்கள் கவனத்துக்கு

பெரியவர்களோடு சோளிங்கர் கிளம்பும் முன், அன்று ரோப் கார் ஓடுகிறதா என்று கோயில் அலுவலகத்தில் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். ரோப் கார் ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் எத்தனை படி என்பதையும் கேளுங்கள். வீல்சேரில் வருபவருக்கு அந்தப் பத்துப் படிதான் முக்கியம். ரயிலில் போனால் சோளிங்கர் ஸ்டேஷன் ஊருக்குள் இல்லை, பாணாவரம் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து பஸ் அல்லது ஆட்டோ பிடிக்க வேண்டும். கார்த்திகை ஞாயிறைத் தவிர்க்க முடிந்தால், சாதாரண வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள்.